பனிவண்டிப் பழுதுகளும் பத்து நாள் வெள்ளவத்தையும்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது சொக்லேட் பெட்டியை அல்ல, பாதி கருகிய ஒரு ரப்பர் பெல்ட்டை. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு வருடம் கழித்து மனைவியைப் பார்க்க வருகிறவன் இதையா கொண்டுவருவான் என்று கேட்டது அந்தப் பார்வை. நியாயமான கேள்விதான். சிரித்து வைத்தேன்.

நான் கனடாவின் மேற்கு மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஸ்னோமொபைல் விற்றுத் திருத்திக் கொடுக்கும் கடையில் மெக்கானிக். ஸ்னோமொபைல் என்றால் பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் பற்கள் வைத்த நீண்ட ரப்பர்ப் பட்டை. மலை ஏறுவதற்கென்று செய்யும் வண்டிகளில் அந்தப் பட்டை இன்னும் நீளம், பற்கள் இன்னும் பெரிது. அந்த வருடம் புது மொடல் ஒன்று வந்தது. பார்க்க ராசா மாதிரி இருக்கும். ஆனால் இடுப்பளவு பனியில் மலை ஏறும்போது எஞ்சினின் வலுவைப் பட்டைக்குக் கொண்டுபோகும் பெல்ட் டப்பென்று வெடித்துப் போகும். பன்னிரண்டு வண்டி விற்றோம். பன்னிரண்டும் திரும்பி வந்தன. புறப்படும் அன்று முதலாளி, "உன் நாட்டில்தானே ரப்பர் விளைகிறது, யாரிடமாவது காட்டிப் பார்" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னார். நான் ஒரு பெல்ட்டையும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் இரண்டையும் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

உண்மையான காரியம் வேறு. எனக்கும் சுகிர்தாவுக்கும் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கலியாணம் நடந்தது. பத்தொன்பது நாள் சேர்ந்து இருந்தோம். நான் போய்விட்டேன். அவளுடைய விசா விண்ணப்பத்தை, இது மெய்யான கலியாணமென்று நம்பக் காரணம் போதாது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். மறுபடி போட்டோம். இந்த முறை இருவரையும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். இதுவும் இல்லையென்றால் அவள் யாழ்ப்பாணம் திரும்ப வேண்டியதுதான். போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. உள்ளே போனவர்கள் மறுபடி வெளியே வருவது லேசில்லை. பத்து நாள் லீவு, ஆறாம் நாள் நேர்முகம்.

சுகிர்தா தங்கியிருந்த லொட்ஜ் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. மூன்று மாடி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, விறாந்தை நெடுகத் தாளித வாசம். இருந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள். சுகிர்தா வாசலில் நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள். கலியாணத்தின்போது அது இருக்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்க நினைத்தேன். பெட்டியை மூன்றாம் மாடிக்குத் தூக்கிய களைப்பில் விட்டுப் போனது.

அன்று மத்தியானம் பிட்டும் மீன் பொரியலும் சொதியும். நான் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். கனடாவில் இந்தச் சாப்பாடு கிடைக்காதென்று இல்லை. ஆனால் அங்கே நான் இருக்கும் ஊரில் தேங்காய் டின்னில்தான் வரும். டின்னைத் திறந்து சொதி வைப்பவனின் துயரம் வைத்தவனுக்குத்தான் தெரியும்.

சாப்பிட்டு முடிய யோகமக்கா வந்து உட்கார்ந்தார். மகன்மாரிடம் போகக் காத்திருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரி. அந்த லொட்ஜில் ஒரு வழக்கம் இருந்தது. எம்பசிக்குப் போய் வருகிற எவரும், தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல், முதலில் யோகமக்காவிடம் போய் அங்கே கேட்ட கேள்விகளை ஒப்புவிக்க வேண்டும். அவர் அத்தனையையும் மனதில் வைத்திருந்து அடுத்துப் போகிறவரைத் தயார்படுத்துவார். இரண்டு வருடக் கேள்விகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"தம்பி, மனிசியின்ர பல்லுத் தீட்டுற பிரஷ் என்ன கலர்?"

"தெரியாது அக்கா. இண்டைக்குத்தானே வந்தனான்."

"தெரியாது எண்டு அங்க சொல்லக்கூடாது. பச்சை. மாமியாற்ற முழுப்பேர்? தாலி கட்டேக்க எந்தப் பக்கம் சனம் கூட? முதல் நாள் ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டனீங்கள்?"

எனக்கு வியர்த்தது. விறாந்தையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மெக்கானிக் பரீட்சைகூட இவ்வளவு கடினமாக இருக்கவில்லை. இரண்டாம் நாளே பச்சை பிரஷ், மாமியாரின் முழுப்பெயர், முதல் நாள் சாப்பிட்ட இடியப்பம் எல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டன.

அதே இரண்டாம் நாள் பொலிஸில் என் வருகையைப் பதியப் போனோம். கனடாவில் நான் எங்கே படுக்கிறேன் என்று எவனும் கேட்டதில்லை. இங்கே ஒரு இரவு தங்கவும் அடையாள அட்டையும் காரணமும் வேண்டும். போகிற வழியில் காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிப் பொடியன் என் தோள்பையைத் திறந்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு பட்டறை இருக்கிறது, காட்டலாம் என்று சுகிர்தா சொல்லியிருந்ததால் மவுண்டிங் இரண்டும் பைக்குள் கிடந்தன. இரண்டு பக்கமும் போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான கறுப்பு உருளைகள். யுத்தக் காலத்துக் கொழும்பில் அதைப் பையில் போட்டுக்கொண்டு உலாவிய என் மூளையை என்னவென்று சொல்ல! அவன் முகம் மாறிவிட்டது. ஓரெட்டுப் பின்னால் போய்த் தோளில் தொங்கிய துவக்கைச் சரிப்படுத்தினான்.

சிங்களம் கேட்டால் எனக்கு விளங்கும், பேச வராது. ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். பேசப் பேச நிலைமை மோசமானது. சுகிர்தா என் கையை மெல்லத் தட்டிவிட்டு முன்னால் வந்தாள். சரளமான சிங்களத்தில், அவசரமே இல்லாமல், "தம்பி, பயப்படாதே. இது எஞ்சினுக்குக் கீழே வைக்கிற ரப்பர். இவர் இருக்கிற ஊரில் பனிக்கட்டி மேலே ஓடுகிற வண்டி இருக்கிறது. எஞ்சின் அதிராமல் இருக்க இதை வைப்பார்கள்" என்றாள்.

"பனிக்கட்டியில் வழுக்காதா?" என்று கேட்டான் அவன்.

"வழுக்காது. அடியில் பல் வைத்த பட்டை இருக்கிறது. ஆனால் பெல்ட் அறுந்துபோகிறது. அதுதான் தொல்லை."

அவன் மவுண்டிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் அப்பாவின் கை ட்ராக்டரிலும் பெல்ட்தான் எப்போதும் போகிறதென்றான். வயல் வேலை நடுவில் போனால் அந்த நாளே பாழ் என்றான். பிறகு இரண்டையும் துணியில் சுற்றி, தானே பைக்குள் வைத்தான். அந்தக் கணம் அவன் துவக்குக்காரன் இல்லை, பெல்ட் அறுந்த வீட்டுக்காரன். எனக்கு அவன் மேல் பெரிய இரக்கம் வந்தது.

"எங்க சிங்களம் பழகினீர்?" என்று கேட்டேன்.

"இஞ்ச இருக்கிறதெண்டால் வேணுமே" என்றாள். விறுவிறென்று நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

எனக்கு வியப்பாக இருந்தது சிங்களம் மட்டுமல்ல, வண்டியைப் பற்றி அவள் சொன்ன விதம். அதற்குக் காரணம் நானேதான். போர்க் காலத்தில் ஊருக்குப் போன் எடுத்தவர்களுக்குத் தெரியும், போனில் எதையும் கதைக்கக் கூடாது. யார் வந்தார், யார் போனார், எங்கே ஷெல் விழுந்தது, எந்த ரோட்டில் செக்கிங் என்று வாயே திறக்கக் கூடாது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் இருந்த நிச்சயம். கலியாணமான புதிதில் ஞாயிறு தோறும் போன் எடுத்து, சுகமா, சாப்பிட்டாச்சா என்று கேட்ட பிறகு எனக்குக் கதை தீர்ந்துபோகும். அப்படித்தான் ஒரு நாள் கடையில் வந்த பழுதைப் பற்றிச் சொன்னேன். பனித்தூள் காற்று இழுக்கும் வாயை அடைத்து எஞ்சின் மூச்சுத் திணறியதையும், வலை போட்டு அதைச் சரிப்படுத்தியதையும் சொன்னேன். "ஓம், சொல்லுங்கோ" என்றாள். அடுத்த வாரம் இன்னொரு பழுது. இந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது, பட்டை கிளப்பும் பனிதான் அடியில் பட்டுக் குளிர்விக்கும், இறுகிய பாதையில் பனி கிளம்பாததால் எஞ்சின் கொதிக்கும், அதற்குப் பாதையைச் சுரண்டுகிற இரண்டு கம்பிகளைப் பூட்டினால் போதும். "ஓம், சொல்லுங்கோ." இப்படி இரண்டு வருடம். அவளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது.

மூன்றாம் நாள் ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டோம். கொள்ளுப்பிட்டியில் திடீரென்று வீதியை மூடினார்கள். யாரோ பெரிய மனிதர் போகிறாராம். முக்கால் மணி நேரம் தகரக் கூரையின் கீழ் வெந்தோம். எங்கள் ஊரில் பனிச்சரிவு விழுந்தால்தான் வீதியை மூடுவார்கள். அப்போதும் குளிருக்குக் காரின் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருக்கலாம். சுகிர்தா கைப்பையிலிருந்து விசிறியும் தண்ணீர்ப் போத்தலும் உப்பிட்ட மாங்காய்த் துண்டும் எடுத்தாள். இப்படி மாட்டிக்கொள்வதற்கென்றே ஆயத்தமாக வந்திருக்கிறாள். ஓட்டோக்காரருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

நசீர் நானாவின் பட்டறை ஒரு குறுகிய சந்துக்குள் இருந்தது. லொறிகளுக்கு ரப்பர் புஷ் வார்க்கும் இடம். உருகும் ரப்பரின் நாற்றம் வாசலிலேயே அடித்தது. லொட்ஜ்க்காரரின் தண்ணீர் மோட்டாருக்கு மவுண்டிங் செய்ய வந்தபோது சுகிர்தாவுக்கு அவரைப் பழக்கமாம்.

"வாங்க தங்கச்சி. இவருதானா ஐஸ் வண்டி மாப்புள?" என்றார்.

என்னைவிட எனது வண்டியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. மவுண்டிங்கை இடுக்கியில் இறுக்கி ஒரு குழாயால் நெம்பினார். ரப்பர் இளகி ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாத்தீங்களா? ரப்பர் சரியான மிருதுவா ஈக்குது. எஞ்சின் முழு வலுவா இழுக்கிற நேரம் இப்புடித்தான் சாயும். சாஞ்சா பெல்ட் ஓடுற ரெண்டு புல்லியும் நேரா ஈக்காது. பெல்ட் ஒரு ஓரமா தேஞ்சி, சூடாகி, வெடிக்கும். பெல்ட்டுல ஒரு குத்தமும் இல்ல தம்பி."

நாங்கள் கடையில் செய்ததெல்லாம் பெல்ட்டை மாற்றியதும், பெல்ட் செய்தவனைத் திட்டியதும், சூடு போகட்டுமென்று பக்கத் தகட்டில் ஓட்டை போட்டதும்தான்.

"ஒரு ஓரம் மட்டும் கருகுது எண்டு தங்கச்சி போன மாசமே சொன்னா. அப்பவே நெனச்சேன்" என்றார் நானா.

ஒரு ஓரம் மட்டும் கருகுகிறது என்று அவளுக்குச் சொன்னது நான்தான். சொன்ன எனக்கு அது உறைக்கவில்லை. கேட்ட அவளுக்கு உறைத்திருக்கிறது. வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில், சாய்கிற பக்கம், ஒரு கெட்டி ரப்பர் முட்டுக்கட்டை வைத்தால் போதுமென்று நானா முடிவு சொன்னார். அளவை நான் கீறிக் கொடுத்தேன். பிளேன்டீயும் மீன் ரோல்ஸும் வந்தன. நாலாம் நாள் பஸ்ஸில் போய் முட்டுக்கட்டை இரண்டையும் வாங்கிவந்தோம். திரும்பும் வழியில் பஸ் பழுதாகி மருதானையில் நின்றுபோக, எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கத் துடித்த என்னைச் சுகிர்தா சட்டையைப் பிடித்து இழுத்து அடுத்த பஸ்ஸில் ஏற்றினாள். ஐந்தாம் நாள் முழுக்க யோகமக்காவின் பரீட்சை.

ஆறாம் நாள் காலை எம்பசி. குளிரூட்டிய அறை. இத்தனை நாளுக்குப் பிறகு எனக்கு ஊர் வந்த மாதிரி இருந்தது. சுகிர்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளை முதலில் கூப்பிட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் பச்சை பிரஷ்ஷை நான் நூறு முறை மனதுக்குள் சொல்லியிருப்பேன். அவள் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் போய் ஒரு மூலைக் கதிரையில் இருந்தாள். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாதென்று சொல்லி என்னை உள்ளே அழைத்தார்கள்.

அதிகாரி நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டிய பெண்மணி. "உங்கள் மனைவி ஒரு மணி நேரம் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசினார். இனி நானே ஒரு ஸ்னோமொபைலைத் திருத்தலாம் போலிருக்கிறது" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் மேசையில் ஒரு நீல அட்டைக் கொப்பியை என் பக்கம் தள்ளினார். திறந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திகதி. இடப்புறம் பழுது, வலப்புறம் திருத்தம். சுகிர்தாவின் உருண்டைக் கையெழுத்து. நடுநடுவே பட்டை, புல்லி, பெல்ட் எல்லாம் பென்சிலால் கீறியிருந்தன. கண்ணால் காணாத வண்டியை என் குரலை மட்டும் கேட்டுக் கீறியிருக்கிறாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இது இரண்டாவது கொப்பியாம். முதலாவது எங்கே?"

"தெரியாது."

"சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சொன்னதெல்லாம் இங்கே இருக்கிறது. அவர் உங்களுக்கு என்ன சொல்வார்?"

யோகமக்காவின் பட்டியலில் இந்தக் கேள்வி இல்லை. சமையல் பற்றி, லொட்ஜ் பற்றி என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் வேறு எதையாவது சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்தது. யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருடம், கிழமைக்கு இருபது நிமிடம். அவள் சொன்ன ஒரு முழு வசனம் எனக்கு நினைவில் இல்லை. 

"எதுவும் சொல்லவில்லை" என்றேன். "நான் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்கு ஆபத்து என்று ஆரம்பத்தில் பயந்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது. நான் மட்டும்தான் கதைத்தேன்."

அவர் நிறைய நேரம் எழுதினார். இரண்டு வருடக் காத்திருப்பை ஐந்து நிமிடத்தில் நாசமாக்கிவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அப்போது என் யோசனை.

கடைசியில் பேனையை மூடினார். "பொய்க் கலியாணம் கட்டி வருகிறவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாவற்றையும் பாடமாக்கி வைத்திருப்பார்கள். பிரஷ்ஷின் நிறம் வரை. உங்கள் மனைவியிடமும் இதே கேள்விகளைக் கேட்டேன். கொப்பியைப் பற்றி அவருக்குத் தெரியாது, என்னைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை, அவர் கேட்டதுமில்லை என்றார். இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறீர்கள். விசா போடக் கடவுச்சீட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வரும்." எழுந்து கதவைத் திறந்தவர், "வெளியே போய் முதலாவது கொப்பியைப் பற்றிக் கேளுங்கள்" என்றார்.

பாஸ் பண்ணிய சந்தோஷம் எனக்கு வரவே இல்லை. வெளியே வீதியோர வாகை மரத்தடியில் சுகிர்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"முதல் கொப்பி எங்க, சுகி?"

"பொலிஸில."

அவளாகவே தொடர்ந்தாள்.

"போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் லொட்ஜ் முழுக்கச் செக்கிங். கொப்பியைக் கண்டிட்டாங்கள். செயின் பட்டை, எஞ்சின் எல்லாம் கீறி வச்சிருக்கிறன். டாங்கி எண்டு நினைச்சிட்டாங்கள். ஜீப்பில ஏத்திக்கொண்டு போய்ப் பின்னேரம் வரைக்கும் வச்சிருந்தவை. ஒவ்வொரு பக்கமா விளங்கப்படுத்தச் சொல்லிச்சினம். எனக்கு அப்ப அரைகுறைச் சிங்களம். பனி எண்டதுக்கே சொல் தெரியாது, ஐஸ்பெட்டியைக் காட்டிக் காட்டிச் சொன்னனான். கடைசியில ஒரு பெரியவர் சிரிச்சுப்போட்டு விட்டிட்டார். கொப்பியை மட்டும் தரேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"போனில எப்பிடிச் சொல்லுறது? நான் லொட்ஜ் வாசலுக்கு வரவும் உங்கட கோல் வரவும் சரியா இருந்தது. எனக்குக் கை கால் எல்லாம் நடுக்கம். ரிசீவரைப் பிடிக்க ஏலேல்லை. யோகமக்காதான் பிடிச்சுக்கொண்டு நிண்டவ."

"அண்டைக்கு நான் என்ன சொன்னனான்?"

"பட்டைக்குள்ள சுத்துற பின் சில்லுப் பேரிங்குக்குள்ள தண்ணி போறதைப் பற்றி. பழைய கிறீஸை எப்பிடிக் கழுவுறது, புதுசை எப்பிடி அடைக்கிறது, மேல மூடியை எப்பிடித் தட்டி இறுக்கிறது எண்டு ஒண்டொண்டாச் சொன்னீங்கள். கேட்கக் கேட்கத்தான் நடுக்கம் நிண்டது."

எதிரில் வெள்ளவத்தை பஸ் வந்து நின்றது. அவள் கைப்பையைத் தோளில் போட்டாள்.

"அடுத்த நாள் காலமை முதல் வேலையாப் போய்ப் புதுக் கொப்பி வாங்கினனான். பேரிங் கதை மறந்துபோக முதல் எழுத வேணுமே."